இந்தச் சாலை பின்னர் நீட்டிக்கப்படும்

2016 ஏப்ரலில் அமெரிக்காவின் பாய்சி நகரில் வீடு பார்க்கப் போனபோது எடுத்த ஒரு படம் இன்னும் என் போனில் இருக்கிறது. எங்கள் தெருவின் தார் முடிகிற இடம். குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தடுப்பு. அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நான். பின்னால் இருபது ஏக்கருக்குக் கண்ணுக்கெட்டியவரை பச்சை, அதற்கும் பின்னால் பனி ஒட்டியிருந்த மலை. படத்தைக் கோபிச்செட்டிபாளையத்தில் இருந்த அப்பாவுக்கு அனுப்பினேன். "குதிரமசாலாட்டம் இருக்குது கண்ணு"ன்னார். அவர் சொன்னது சரி, அது குதிரைமசால்தான், மாட்டுக்குப் போடும் தீவனப் பயிர். வயலின் ஓரம் வாய்க்கால் வேறு ஓடியது. எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"இந்த நிலத்துக்காரர் விற்க மாட்டார், பரம்பரை விவசாயி" என்றார் வீட்டைக் காட்டிய ஏஜென்ட். நம்பினோம். அந்தப் படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் என் முழங்கைக்குக் கீழே ஒரு சின்னப் பலகை தெரிகிறது. அதில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது: இந்தச் சாலை பின்னர் நீட்டிக்கப்படும்.

நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

ஐடஹோ மாநிலத்தின் தலைநகரமான பாய்சிக்கு நாங்கள் வந்தது 2013 டிசம்பரில். வீட்டுக்காரருக்கு மைக்ரான் சிப் கம்பெனியில் வேலை. ஊர்ப் பெயரை வெளியூர் அமெரிக்கர்கள் இழுத்து 'பாய்ஸீ' என்பார்கள், உள்ளூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நடுவில் இருப்பது 'இஸட்' ஒலி இல்லை, நம் 'சி'தான். தமிழ் வாய்க்கு அந்த இஸட் வராது என்பதால் முதல் நாளே சரியாகச் சொல்லி நல்ல பெயர் வாங்கிவிட்டோம். ஆனால் ஊரைப் பார்க்கத்தான் முடியவில்லை. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ள, கீழே புகையும் மூடுபனியும் நாள்கணக்கில் தேங்கும். மலை இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் பார்த்தது ஜனவரிக் கடைசியில்.

முதல் இரண்டு வருடம் நகர மையத்தில் வாடகைக்கு இருந்தோம். மெயின் தெருவும் எட்டாவது தெருவும் சந்திக்கும் மூலையில் பதினெட்டு மாடிக் கட்டடம் முடியும் தறுவாயில் இருந்தது. 2014-ல் திறந்தார்கள். ஐடஹோவிலேயே உயரமான கட்டடம், 323 அடி. என்னை ஆச்சரியப்படுத்தியது உயரம் அல்ல, அதைப் பற்றிப் பேசும்போது ஊர்க்காரர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதி. "ஒருவழியா குழி மூடிச்சு" என்றார் வீட்டுக்காரரின் மேலாளர். அங்கே இருந்த பழைய ஈஸ்ட்மன் கட்டடம் 1987-ல் தீப்பிடித்து எரிந்துபோயிருக்கிறது. பிறகு ஒரு கோபுரம் கட்டப் பள்ளம் தோண்டி, பணம் நின்று, நகரத்தின் நடுவாசலில் வருடக்கணக்கில் வெறும் குழிதான். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதைக் 'குழி' என்ற பெயரிலேயே அறிந்து வளர்ந்திருக்கிறார்கள்.

குழி தனிக்கதை இல்லை. 1970-களில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் மையத்தில் பல தெருக்களில் பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள், சீனர்கள் வாழ்ந்த பகுதி உட்பட. அங்கே பெரிய மால் ஒன்று வரும் என்பது திட்டம். வரவில்லை. 1927-ல் கட்டிய எகிப்தியன் தியேட்டர் இடிபடாமல் தப்பியதே பெரிய காரியம். கடைசியில் மால் 1988-ல் மேற்கே, நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் திறந்தது. கடைகள் அங்கே போக, வீடுகளும் பின்னாலேயே போயின. மையத்தில் இடித்த மனைகள் கார் நிறுத்தங்களாகக் காலியாய்க் கிடக்க, மேற்கே விளைநிலத்தில் வீடு முளைத்தது. இன்றைக்கு எங்கள் தெருவில் நடப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

(தலைமைச் செயலகக் கட்டடம் பற்றி ஒரு வரி. உள்ளூர் மணற்கல்லில் கட்டியது, பூமிக்கடியில் இருந்து வரும் வெந்நீரில் சூடாகிறது. இந்த ஊரில் 1892-லிருந்தே வீடுகளுக்கு அப்படி வெந்நீர் ஓடுகிறது. ஊருக்கு யார் வந்தாலும் முதலில் காட்டுவது அதைத்தான்.)

2014 மே மாதம் இன்னொன்று நடந்தது. மையத்தில் கேபிடல், மெயின், ஐடஹோ தெருக்களில் கார் ஓடும் தடத்தில் ஒன்றை எடுத்து சைக்கிளுக்கு ஒதுக்கிச் சோதித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம், பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஒரு மாதம் போல ஆனதும் கோடுகளை அழித்துவிட்டார்கள். நகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்தேன். "சாலை நகராட்சியோடது இல்லையே" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். என்ன உளறுகிறாள் என்று நினைத்தேன்.

உண்மை அதுதான். பாய்சி நகரத்துக்குச் சொந்தமாகச் சாலை கிடையாது. எங்கள் ஏடா மாவட்டத்தின் (இங்கே கவுண்டி என்பார்கள்) சாலைகளுக்கென்று ஏடா கவுண்டி ஹைவே டிஸ்ட்ரிக்ட் என்று தனி அமைப்பு, சுருக்கமாக ஏ.சி.எச்.டி. 1971-ல் மக்கள் வாக்களித்து உருவாக்கியது, அடுத்த வருடத்திலிருந்து கவுண்டியில் உள்ள நகரங்கள் அத்தனையின் தெருக்களும் அதன் கையில். அதற்கென்று ஐந்து ஆணையர்கள், தனித் தேர்தல், தனி வரி. நிலத்தில் என்ன கட்டலாம் என்று முடிவு செய்வது நகராட்சி. அதற்குப் போகிற சாலையை அகலப்படுத்துவது ஏ.சி.எச்.டி. இரண்டும் வேறு வேறு கட்டடத்தில், வேறு வேறு நாளில் கூட்டம் போடும். ஈகிள் ரோடு, சிண்டன் போன்றவை மாநில நெடுஞ்சாலை என்பதால் அவை இரண்டு பேருக்குமே இல்லை, மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு. இதை அன்றைக்கே உட்கார்ந்து விசாரித்திருந்தால் பின்னால் அலைந்திருக்க வேண்டாம்.

வீடு வாங்கியது தென்மேற்கில், க்ளோவர்டேல் ரோடுக்குப் பக்கம். இங்கே பெரிய சாலைகள் சரியாக ஒரு மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டதுபோல் ஓடும். 1867-ல் க்யூனா என்ற ஊருக்குத் தெற்கே ஒரு எரிமலைப் பாறைக் குன்றின் மேல் புள்ளி வைத்து மொத்த ஐடஹோவையும் அளந்திருக்கிறார்கள். அந்தப் புள்ளியிலிருந்து நேர் வடக்கே போகும் கோட்டின் (ஆங்கிலத்தில் மெரிடியன்) மேல்தான் மெரிடியன் ரோடு, பக்கத்து ஊரான மெரிடியனுக்குப் பெயரும் அதனால்தான். ஒரு மைல் சதுரம் அப்போது பண்ணை நிலம். சதுரத்தின் நான்கு பக்கமும் பண்ணைப் பாதை, பாதையை ஒட்டி வாய்க்கால். இப்போது சதுரத்துக்குள் நூற்றுக்கணக்கான வீடுகள், ஆனால் வெளியே வரும் வழி அதே பண்ணைப் பாதை, பல இடத்தில் இன்னும் இருவழிதான். மெரிடியனில் 1990-ல் பத்தாயிரம் பேர்கூட இல்லை. 2020 கணக்கெடுப்பில் 1,17,635. சாலை மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை.

2018 ஜூனில் நெடுஞ்சாலையில் நடந்த கோர விபத்தில் தீப்பிடித்து, மேலே போகிற க்ளோவர்டேல் பாலம் கெட்டுப்போனது. உயிர்கள் போன விபத்து, அதைப் பற்றி எரிச்சலாகப் பேசக்கூடாது. ஆனால் புதுப் பாலம் வரும்வரை எங்கள் பகுதி முழுக்க ஃபைவ் மைல், ஈகிள் வழியாகத்தான் வடக்கே போனோம். மகளைப் பாட்டு வகுப்புக்கு விட்டுவர எட்டு நிமிடம் ஆனது இருபத்தைந்து ஆனது. ஒரு பாலம் இல்லாவிட்டால் இந்தக் கட்டம் எப்படி மூச்சு முட்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

2019 பிப்ரவரியில் அந்தக் கடிதம் வந்தது. விளம்பரக் கடிதம் மாதிரி இருந்ததால் கிழித்துப்போட இருந்தேன். குதிரைமசால் வயலில் 40 தனி வீடுகளும், சுவரோடு சுவர் ஒட்டிய 32 டவுன்ஹவுஸ்களும் கட்ட உத்தேசம், அக்கம்பக்கத்தார் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கட்டுநர் அழைத்திருந்தார். கூட்டம் நடந்த இடத்தில் பெரிய வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். எங்கள் முட்டுத்தெரு நேராக உள்ளே போய் அவர்கள் தெருவோடு சேர்ந்தது.

"எங்க தெருவை எப்படித் தொடலாம்?" என்று நான்தான் முதலில் சத்தம் போட்டேன். அந்த ஆள் பொறுமையாக, "பலகை இருக்கே, பார்க்கலையா?" என்றார்.

வீட்டுக்கு வந்து கோபம் தணியாமல் எதிர்வீட்டு அம்மாவிடம் போனேன். எழுபது தாண்டியவர். அவர் வீடு மட்டும் எங்கள் லேஅவுட்டில் சேராதது, ஒரு ஏக்கரில் தனியாக நிற்கும் பழைய வீடு. காபி கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு மஞ்சள் கோப்பை எடுத்து வந்தார். எங்கள் லேஅவுட் வந்தபோது அதை எதிர்த்து அவர் எழுதிய மனு. கூட்டம் அதிகமாகும், சாலை தாங்காது, மலை மறையும். நான் கட்டுநரிடம் கத்தின அத்தனையும் அதில் வரிசையாக இருந்தது. "உன் சமையலறை இருக்கிற இடத்துலதான் என் பசங்க குதிரையைக் கட்டுவாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காபி எனக்கு இறங்கவில்லை.

பொது விசாரணையில் எது எடுபடும், எது எடுபடாது என்று கற்றுக்கொடுத்தது அவர்தான். மலை மறைகிறது, வீட்டு விலை குறையும், வாடகைக்காரர்கள் வருவார்கள் என்பதெல்லாம் எடுபடாது. அதிலும் வாடகைக்காரர்களைப் பற்றிச் சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும். திட்டக் குழு பார்ப்பது ஒன்றே ஒன்று: விதியில் எழுதிய நிபந்தனைகளுக்கு விண்ணப்பம் பொருந்துகிறதா. அதனால் விதியின் வாசகத்தை எடுத்துக்கொண்டு அதிலிருந்து பேச வேண்டும். இன்னொன்று, நகர்மன்ற உறுப்பினரைக் கடையில் பார்த்தாலும் இதைப் பற்றிப் பேசக்கூடாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அவர்கள் நீதிபதி மாதிரி, பதிவில் இருப்பதை வைத்து மட்டுமே முடிவு செய்யலாம். தனியாகப் போய்ப் பேசினால் கேஸே கெடும். நான் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பத் தயாராக வைத்திருந்தேன், அழித்தேன்.

நகராட்சித் தளத்தில் விண்ணப்பத்தின் மொத்தக் கோப்பும் இருந்தது. இரண்டு ராத்திரி படித்தேன். ஏ.சி.எச்.டி. எழுதிய தனி அறிக்கையும் அதற்குள் இருந்தது. தனி வீட்டுக்கு ஒரு நாளைக்குப் போகவர ஏறக்குறைய 10 வண்டிப் பயணம் என்று கணக்கு வைப்பார்கள், டவுன்ஹவுஸுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக அந்த வயலில் இருந்து நாளுக்கு 600 பயணம். ஆனால் சாலை தாங்குமா என்று பார்ப்பது நாள் கணக்கில் இல்லை, மாலை நெரிசலான ஒரு மணி நேரத்தில். அந்த ஒரு மணி நேரத்தில் 60 சொச்சம்தான், சாலை தாங்கும் என்று அறிக்கை சொன்னது. படித்தவள் என்ற முறையில் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கசந்தது.

சரி, நிறுத்த முடியாது. எதை மாற்றலாம்? எதிர்வீட்டு அம்மாவும் நானும் இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று கோரிக்கை எழுதினோம். கட்டுமான லாரிகள் எங்கள் தெரு வழியாக வரக்கூடாது, பெரிய சாலையில் தனி வாசல் வேண்டும். வாய்க்கால் ஓரமாகப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகப் பாதை வேண்டும். எங்கள் தெரு நேர்கோடாகச் சேர்ந்தால் குறுக்குவழியாகப் பறப்பார்கள், அதனால் சேரும் இடத்தில் வளைவோ குறுக்கமோ வேண்டும்.

விசாரணை அன்று ஆளுக்கு மூன்று நிமிடம். பெயர், முகவரி சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். எனக்கு முன்னால் ஒருவர் பள்ளிக்கூடம் நிரம்பி வழிகிறது என்று மூன்று நிமிடமும் பேசினார். அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் ஐடஹோ சட்டப்படி புது வீடுகளிடம் சாலைக்கும் பூங்காவுக்கும் வளர்ச்சிக் கட்டணம் வாங்கலாம், பள்ளிக்கு வாங்க முடியாது. பள்ளி கட்டக் கடன் பத்திரம் வெளியிடுவதென்றால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அந்தக் குழுவால் அதில் ஒன்றும் செய்ய முடியாது. பாவம், அவர் போக வேண்டிய அறை அது இல்லை.

என் முறை வந்தபோது கால் நடுங்கியது. தாளைப் பார்த்தே படித்தேன். திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. லாரி வாசலும் நடைபாதையும் நிபந்தனையாகச் சேர்ந்தன. மூன்றாவது கோரிக்கை நகராட்சியின் அதிகாரத்தில் இல்லை, சாலை அமைப்பிடம் கேளுங்கள் என்றார்கள். அதாவது இன்னொரு கட்டடம், இன்னொரு கூட்டம். போனோம். வளைவு கிடைக்கவில்லை. தெரு திறந்த பிறகு வேகம் அதிகமிருந்தால் குடியிருப்போர் மனு கொடுக்கலாம், அளந்து பார்ப்போம் என்றார்கள்.

இங்கே வீடு வாங்கப் போகும் நம் ஆட்கள் அடிக்கடி போன் செய்வார்கள், எந்தப் பள்ளி நல்லது, எந்தப் பக்கம் வாசல் என்று. நான் முதலில் கேட்பது பக்கத்தில் காலி நிலம் இருக்கிறதா என்று. இருந்தால், அது காலியாக இருக்கப் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்டைக் கேட்காதீர்கள், நகராட்சியின் எதிர்கால நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்த மனைக்கு என்ன நிறம் என்று பாருங்கள். இன்றைய ஸோனிங், அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற விதி, ஒன்று, நாளைக்கு என்று குறித்திருப்பது வேறு. அதுவும் 2023 டிசம்பரில் பாய்சிக்குப் புது ஸோனிங் விதி வந்துவிட்டது, 1966-லிருந்து இருந்ததை மாற்றி எழுதியது. முன்பு ஒரு வீடு மட்டும் என்றிருந்த பல மனைகளில் இப்போது கூடுதலாகக் கட்டலாம். பழைய ஆட்கள் சொல்வதை நம்பி உட்காராதீர்கள். அப்புறம் ஏ.சி.எச்.டி.யின் ஐந்தாண்டுத் திட்டத்தில் உங்கள் பெரிய சாலை இருக்கிறதா என்று பாருங்கள். இருவழிச் சாலை ஐந்து தடமாக மாறும்போது கொல்லைச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் எவ்வளவு மிஞ்சும் என்று டேப் வைத்தே அளக்கலாம். மலைப்பக்கம் போகிறவர்களுக்கு வேறு கவலை. 2016-ல் கிழக்கு மலையடிவாரத்தில் மண் நகர்ந்து புத்தம்புது வீடுகள் பிளந்தன. அங்கே மண் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். புல்லுக்கும் செடிக்கும் பல லேஅவுட்களில் வாய்க்கால் நீர்தான் குழாயில் வரும், ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் வரை. வாய்க்கால் நீரை நடத்தும் பாசன மாவட்டம் என்ற அமைப்பின் பில் தனியாக வரும். நீங்கள் ஒரு சொட்டு எடுக்காவிட்டாலும் வரும், நிலத்தோடு ஒட்டிய உரிமை அது. நம் ஊரில் முறைத்தண்ணீருக்கு மடையில் நிற்கிற அதே கணக்கு. வயலில் வீடு கட்டினாலும் வாய்க்காலை மூட முடியாது, கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் போயாக வேண்டும். குழாய்க்குள் புதைத்தாவது கொண்டுபோவார்கள். எங்கள் வாய்க்காலையும் அப்படித்தான் புதைத்தார்கள். அப்பா 2022-ல் வந்தபோது அந்தப் புதைத்த கோட்டின் மேல் நடந்து பார்த்துவிட்டு, "தண்ணி ஓடுற சத்தமே இல்லாம என்ன வாய்க்கா கண்ணு" என்றார்.

அதே வருகையில்தான் சைக்கிள் மர்மமும் தீர்ந்தது. புது நடைபாதையில் போனாலே டயர் பஞ்சர். இங்கே ஆட்டுத்தலை முள் என்று அலறுவார்கள். அப்பா ஒன்றை டயரில் இருந்து பிடுங்கிப் பார்த்தார். நம் நெருஞ்சி. அதே மஞ்சள் பூ, அதே கொம்பு. மண்ணைக் கிளறிப் போட்ட இடமெல்லாம் முதலில் முளைப்பது அதுதான், ஆகவே கட்டுமானம் நடக்கிற லேஅவுட்டில் பிரமாதமாக வரும். பூக்கும்போதே வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், காயாக விடாதீர்கள். டியூபில் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிய பிறகே பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுங்கள்.

ஒன்று உறுத்துகிறது. 2001-ல் இந்த ஊர் மக்கள் தங்கள் மேலேயே ஒரு கோடி டாலர் வரி போட்டுக்கொண்டு மலையடிவாரத்தைக் காப்பாற்றினார்கள், 2015-ல் இன்னொரு முறையும் வாக்களித்தார்கள். அந்தப் பாதைகளில் நானும் நடக்கிறேன். ஆனால் விளைந்த நிலத்துக்கு அப்படி யாரும் வாக்குக் கேட்கவில்லை. மலை அழகு, குதிரைமசால் வெறும் மாட்டுத்தீவனம்.

தடுப்பை 2021 செப்டம்பரில் எடுத்தார்கள். முதல் வாரம் சன்னலில் நின்று வண்டிகளை எண்ணினேன், மூன்றாவது வாரம் விட்டுவிட்டேன். மகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு தோழிகள் கிடைத்தார்கள், ஒருத்தி மதுரைப் பிள்ளை. வேகம் பிரச்சினைதான். மனு கொடுத்திருக்கிறோம், அளந்திருக்கிறார்கள்.

போன மாதம் சாயங்காலம் மகளோடு புதுத் தெருவின் கடைசி வரை நடந்தேன். அங்கே தார் நின்றது. அதற்கப்பால் சோளக்காடு. தடுப்பின் முன்னால் கூடைப்பந்து வளையம் ஒன்றை உருட்டி வைத்து ஒரு இளம் தம்பதி பையனுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள், குடிவந்து மூன்று மாதமாம். "இந்தக் காட்டைப் பார்த்துத்தான் வாங்கினோம்" என்றாள் அந்தப் பெண். மகள் பலகையை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். நான் போனை எடுத்து நகராட்சி வரைபடத்தைத் திறந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.